ஆப்பிள் மரத்து ஜன்னல்

"இருக்கிற ஒரே ரூமையும் அந்தப் பொண்ணுக்குக் குடுத்துட்டு நீங்க எங்கப்பா படுப்பீங்க?"

"ஹால்லதான். எனக்கென்ன, படுத்தா தூங்கிடுவேன்."

அப்பா ஸ்டூலின் மேல் நின்று ஜன்னலுக்கு பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். வேலை லிஃப்ட் மெக்கானிக் என்றாலும் ஸ்டூலில் ஏறினால் அவருக்குக் கால் உதறும்.

மகள் எக்ஸ்பிரஸ் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். எதையும் ஆற அமரச் செய்கிறவள் என்பதால் வீட்டில் வைத்த பெயர் அது.

இளைஞர் பரிமாற்றத் திட்டத்தில் அவள் தேர்வாகியிருந்தாள். பயணம், படிப்பு, சாப்பாடு எல்லாம் திட்டக்காரர்கள் செலவு. முதலில் இவள் ஒரு வெளிநாட்டுப் பெண்ணின் வீட்டில் தங்க வேண்டும். பிறகு அவள் இங்கே வந்து தங்குவாள். இருவரும் தங்கள் வீட்டை வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும் என்றார்கள்.

எக்ஸ்பிரஸ் போட்டோ ஸ்டுடியோவில் வேலை பார்ப்பவள். தெருமுனையைத் தாண்டாதவர்களைக்கூடப் பனிமலை முன்னால் நிறுத்துகிற தொழில். கை சும்மா இருக்குமா? வாடிக்கையாளர் ஒருவரின் பங்களாவைப் படம் பிடித்து, எங்கள் வீடு என்று அனுப்பிவிட்டாள்.

அந்தப் பெண் அனுப்பிய வீடியோவில் ஒரு பெரிய ஜன்னல். வெளியே ஆப்பிள் மரம், உடம்பெல்லாம் பூ. அன்றிலிருந்து எக்ஸ்பிரஸ் அந்த ஜன்னலோரத்தில்தான் குடியிருந்தாள். பஸ்ஸில் கண்ணை மூடினால் பூ மடியில் உதிரும். இறங்க வேண்டிய இடம் போய்விடும்.

"அவங்க ஊர்ல ஜன்னலெல்லாம் பெருசா இருக்குமாம்," என்றார் அப்பா. "நம்மளது சின்னதுதான். வெள்ளையா இருந்தா கொஞ்சம் பெருசாத் தெரியும்ல?"

அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை. உண்மை தெரிந்தால் வாய்ப்பு போய்விடும். சொல்லாவிட்டால், பங்களாவைத் தேடி வருகிறவள் முன்னால் அப்பா கூனிக்குறுகி நிற்க வேண்டிவரும்.

போனை எடுத்து அந்தப் பெண்ணை வீடியோவில் கூப்பிட்டாள். தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில், அந்தப் பங்களா எங்களுடையது இல்லை, இதுதான் எங்கள் வீடு, இவர்தான் அப்பா என்று போனைத் திருப்பிக் காட்டினாள். நீ புகார் செய்தாலும் தப்பில்லை என்றாள்.

ஆப்பிள் மரம் போயே போய்விட்டது என்று எக்ஸ்பிரஸ் நினைத்தாள்.

அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள், அந்த ஆப்பிள் மரம் தன் அம்மா சமையல் வேலை செய்யும் வீட்டினுடையது என்று. இதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் சரியாகத் தூங்கியே பல நாளாகிறதாம்.

அப்புறம் அவளும் தன் போனைத் திருப்பினாள்.

சின்ன அறை. சின்ன ஜன்னல். ஸ்டூலின் மேல் நின்று ஒருவர் அதற்கு பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்.

பேசியது எதுவும் புரியாத அப்பா, இறங்கி வந்து போனை எட்டிப் பார்த்தார்.

"வலது பக்க ஓரத்துல கொஞ்சம் விட்டுப்போச்சுன்னு அவர்கிட்ட சொல்லும்மா."