பனி செய்ய வேண்டிய வேலை

“உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா இல்லையா அண்ணே?”

ஃப்ரீசர் மூடியைத் திறந்து பிடித்தபடி கத்தினாள் அனுப்பிரியா. உள்ளே வண்டுப் பெட்டி. அதன் வாசலில் சுற்றிச் சுற்றி டேப் ஒட்டியிருந்தது.

எதிரில் நின்றவர் சங்கிலிமுத்து. ஆமத்தூர்ப் பக்கம் அவள் போட்டிருக்கும் பசுமைக்குடிலுக்குக் காவல், தண்ணீர், உரம் எல்லாம் அவர்தான். அவள் அப்பாவுக்குச் சிவகாசியில் பட்டாசு கம்பெனி. மகளுக்கோ தக்காளி மேல் பைத்தியம்.

தக்காளிப் பூவை உலுக்கிக் காய் பிடிக்க வைப்பதற்காக, இரண்டு வருஷமாய், தேனீ ஜாதியைச் சேர்ந்த வெளிநாட்டு வண்டுகளைப் பெட்டியோடு வரவழைக்கிறாள். கறுப்பும் மஞ்சளுமாய், உடம்பெல்லாம் புசுபுசுவென்று முடி. குடிலுக்குள் மூன்று மாதம் மாடாய் உழைக்கும். சீசன் முடிந்ததும் ஒன்றுகூட வெளியே போகக்கூடாது. பெட்டியை மூடி, ஃப்ரீசரில் இரண்டு நாள் வைத்துப் புதைத்துவிட வேண்டும். வண்டு அனுப்பும் கம்பெனியின் நிபந்தனை அது.

கையெழுத்துப் போடும்போது அது அவளுக்கு வெறும் ஒரு வரியாகத்தான் தெரிந்தது. இன்றுதான் கண்ணால் பார்க்கிறாள்.

“மூணு மாசம் நமக்கு உழைச்ச ஜீவனை இப்படியா கொல்றது?”

“கம்பெனிக்காரக சொன்னதைத்தான் செஞ்சேன் தாயி.”

“அவங்க நாட்டுல இதெல்லாம் வெளியிலதானே சுத்துது?”

“அங்கன பனி விழுந்தா முக்காவாசி தானா முடிஞ்சிரும். இங்கன ஏது பனி? மார்கழியிலகூட ஃபேன் போட்டுத்தான் படுக்கோம். பனி செய்ய வேண்டியதை நாமதான் செய்யணும்.”

“இங்கேயாவது பிழைச்சுப் போகட்டுமே!”

பேச்சில் அவளை ஜெயிக்க அவள் அப்பாவாலேயே முடியாது. பெட்டியைத் தூக்கிவந்து வெயிலில் வைத்தாள்.

ஃப்ரீசரில் வைத்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. சூடு பட்டதும் மெல்ல ஒரு முனகல் கேட்டது. கொஞ்ச நேரத்தில் பெட்டி முழுக்க இரைச்சல்.

“உயிர் இருக்குண்ணே!” அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. டேப்பின் நுனியைத் தேடி நகத்தால் கிளப்பினாள்.

சங்கிலிமுத்து குனிந்து பெட்டியின் மேல் கையை ஊன்றினார்.

“திறக்காதீக தாயி.”

“கையை எடுங்க. இல்லேன்னா நாளையிலேருந்து வேலைக்கு வர வேண்டாம்.”

“சரி, வரலை. இதைப் புதைச்சுட்டுப் போயிருதேன்.”

அனுப்பிரியாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு பெட்டி வண்டைக் கொல்வதற்காக வேலையையே விடுகிற மனுஷனை அவள் பார்த்ததில்லை.

“இவ்வளவு கல்நெஞ்சா உங்களுக்கு?”

அவர் கையை எடுக்கவில்லை. குரல் மட்டும் இறங்கியது.

“போன வருஷம் புதைச்சுட்டேன்னு உங்ககிட்டச் சொன்னது பொய் தாயி. எனக்கும் மனசு கேக்கலை. பாவம்னு பின்னால கொண்டுபோயித் திறந்துவிட்டுட்டேன். நம்ம ஊரு வெயில்ல தானா செத்துரும்னு நெனச்சேன்.”

“சாகலையா?”

“முருங்கைப் பூவுல போய் விழுந்துச்சுக. எம் பொண்டாட்டி அய்யம்மா வளர்த்த தேனீயும் அதே பூவுலதான மேயுது? என்ன நோவு தொத்துச்சோ, ரெண்டே மாசத்துல எட்டுப் பெட்டியும் காலி. அவளுக்கு மூச்சு வாங்குதுன்னு பட்டாசு வேலையை நிப்பாட்டி, நான்தான் அந்தத் தேன்பெட்டிய வச்சுக் குடுத்தேன்.”

அனுப்பிரியாவின் விரல் டேப்பிலிருந்து விலகியது.

“அதோட போகலை தாயி. முந்தாநாள் கிணத்துமேட்டுப் பொந்துக்குள்ள இந்த வண்டு ஒண்ணு போறதைப் பார்த்தேன். இங்கனயே குடும்பம் வச்சிருச்சு போல.”

இரைந்துகொண்டிருந்த பெட்டியை அனுப்பிரியா இரண்டு கையாலும் தூக்கிப்போய் ஃப்ரீசருக்குள் தானே வைத்து மூடினாள்.

மூடியை அழுத்திப் பிடித்தபடி கேட்டாள்: “அய்யம்மாக்காவுக்குத் தெரியுமா, தேனீ செத்தது இதனாலதான்னு?”

“தெரியாது தாயி. அவ திரும்பப் பட்டாசு வேலைக்கே போயிட்டா. தெனம் காலையில வேன் ஏத்திவிடப் போறப்ப, இன்னைக்குச் சொல்லிரணும்னுதான் போறேன்.”