நேற்றைய பதிப்பு

“லாக் ஃபைலை ஏன் தொடறீங்கண்ணா? அது நல்லாதானே ஓடுது?”

பிரின்சி கேட்டதற்கு எட்வர்ட் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“எல்லாத்தையும் நேத்து இருந்த பதிப்புக்குக் கொண்டு போறோம்னா, எல்லாத்தையும்தான். நீ சைட்டு லிஸ்ட்டை எடு.”

நாற்பத்து மூன்று வெப்சைட்டுகள். எல்லாம் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்கு ஆள் அனுப்பும் காண்ட்ராக்டர்களுடையவை. புதுவாயலில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் இருக்கும் இந்த ஆபீசிலிருந்துதான் அத்தனையும் ஓடுகின்றன. தொழிலாளி தன் போனில் சைட்டைத் திறந்து கேட்பாஸ் என்ற அனுமதிச் சீட்டைக் காட்டினால்தான் ஃபேக்டரிக்குள் விடுவார்கள்.

இன்று காலை யாரோ சைட்டை ஓட்டும் பிளகின்களையும் ‘தீம்’ என்ற தோற்ற அமைப்பையும் புதுப் பதிப்புக்கு மாற்றிவிட்டார்கள். பார்க்கப் பளபளவென்றுதான் இருந்தது. கேட்பாஸ் மட்டும் வரவில்லை, ஒரு சைட்டில்கூட.

“ரெண்டு மணி ஷிஃப்ட்டுக்கு ரெண்டாயிரம் பேர் ரயிலு புடிச்சு வந்துக்கினு இருக்காங்க. கேட்லயே நிறுத்திட்டான்னா பெரிய பேஜாரு,” என்று முதலாளி தணிகைவேல் போனில் கத்தினார். “அதுக்குள்ள சரி பண்ணுங்க. அப்டேட் பண்ணது யாருன்னும் எனக்குத் தெரியணும். அந்த ஆளு இன்னிக்கே ஊட்டுக்குப் போவணும்.”

போனை வைத்ததும் எட்வர்ட் முதலில் திறந்து பார்த்தது லாக்கைத்தான். யார், எத்தனை மணிக்கு, எதை மாற்றினார்கள் என்று எழுதி வைப்பது அது. பார்த்ததும் அவர் முகம் மாறியதை பிரின்சி கவனித்தாள். உடனே மூடிவிட்டு, அதையும் நேற்றைக்குத் திருப்புகிறேன் என்று உட்கார்ந்துவிட்டார். திருப்பிவிட்டால் இன்று காலை நடந்தது எதுவும் அதில் இருக்காது.

பத்து வருஷ அனுபவம் உள்ள டீம் லீடருக்கு இது தெரியாதா? இவர்தான் செய்திருக்கிறார் என்று அவளுக்குப் பட்டது.

பிரின்சி வேலைக்குச் சேர்ந்து இருபது நாள்தான். அதற்குள் நல்ல பேர் வாங்கியிருந்தாள். காலையில்கூட, படம் தெரியவில்லை என்று புலம்பிய கேன்டீனுக்கு ஆள் அனுப்பும் காண்ட்ராக்டரின் சைட்டைப் பத்து நிமிஷத்தில் சரிசெய்து கொடுத்தாள். இந்த ஆபீஸ் நெட்வொர்க் இன்னும் முழுதாகப் பிடிபடவில்லைதான். ஆனால் தப்பு செய்தவர் முழிக்கும் முழி எந்த ஆபீசிலும் ஒன்றுதானே!

எட்வர்ட் தண்ணீர் பிடிக்க எழுந்த நேரத்தில், இன்னும் திருப்பாமல் இருந்த லாக்கை ஒரு காப்பி எடுத்துத் தன் போனுக்கு அனுப்பிக்கொண்டாள். திறந்து பார்க்க நேரமில்லை. முதலில் அந்த ரெண்டாயிரம் பேர் உள்ளே போகட்டும், அப்புறம் இவரைப் பார்த்துக்கொள்ளலாம்.

“ஒவ்வொரு சைட்டா திருப்பணுமாண்ணா? என் பழைய கம்பெனில எல்லாம் தனித்தனி.”

“இங்க எல்லாத்துக்கும் பொதுவு. ஒரு எடத்துல மாத்துனா நாப்பத்திமூணும் மாறும். நான் திருப்பறேன். நீ ஒவ்வொண்ணா தொறந்து பாஸ் வருதான்னு பாரு.”

இருவரும் டீக்குக்கூட எழுந்திருக்கவில்லை.

“இருபத்தாறு ஓகேண்ணா... முப்பத்தொண்ணு வரல.”

“அதுல மட்டும் தீம் மாறாம நின்னுடுச்சு. இப்போ பாரு.”

“வந்துடுச்சு!”

நாற்பத்து மூன்றாவது சைட்டில் கேட்பாஸ் தெரிந்தபோது மணி ஒன்று இருபது. பிரின்சிக்குக் கை தட்டலாம் போலிருந்தது. அதற்குள் தணிகைவேல் மாடிப்படி ஏறி வந்துவிட்டார்.

“முடிஞ்சுதா?”

“எல்லாம் ஓடுது சார்,” என்றார் எட்வர்ட்.

“சரி, யாரு பண்ண வேலை இது?”

“தெரியல சார். அவசரத்துல லாக்கையும் சேத்துத் திருப்பிட்டேன். என் தப்புதான்.”

“லீடருக்கு இதுகூடத் தெரியாதா? நாளைலேர்ந்து நீ லீடர் கெடையாது.”

எட்வர்ட் தலையை மட்டும் ஆட்டினார்.

வேலை போக வேண்டியவர் பதவியை மட்டும் விட்டுவிட்டுத் தப்பிக்கப் பார்க்கிறாரே! பிரின்சிக்குப் பொறுக்கவில்லை.

“சார், லாக் காப்பி என்கிட்ட இருக்கு.”

எட்வர்ட் பதறிப்போனார். “வேணாம்மா, உடு. அதான் எல்லாம் சரியாயிடுச்சே.”

“எப்படிண்ணா உடறது? தப்பு பண்ணவங்க யாரா இருந்தாலும் பேரு வெளிய வரணும்.”

“கரெக்டு. தொறந்து படிம்மா,” என்றார் முதலாளி.

பிரின்சி திறந்தாள். காலை பதினொன்று ஏழு. கேன்டீன் சைட்டிலிருந்து அப்டேட். அதற்குப் பக்கத்தில் இருந்த பெயரை இரண்டு தடவை படித்தாள்.

எட்வர்ட் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். வெளியே இரண்டு மணி ஷிஃப்ட் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஷேர் ஆட்டோக்கள் போய்க்கொண்டிருந்தன.

ஃபைல் திறக்கவில்லை என்று சொல்லிவிடலாம். ஜன்னலோரம் நிற்பவரைத் தவிர யாருக்கும் தெரியாது. அவர் சொல்லவும் மாட்டார்.

“இன்னாம்மா, யாரு பேரு போட்டிருக்கு?”

பிரின்சி எழுந்து நின்றாள்.

“அண்ணாவோட பதவியையும் நேத்து இருந்த மாதிரியே திருப்பிடுங்க சார். பதினொண்ணு ஏழுக்கு அப்டேட் பண்ணது, பிரின்சி.”