ஆறு பயணிகள்

“வண்டி இங்ஙன நிக்கணும்னு ஆறு பேரு காத்துக் கெடக்காவ சார். பேரைச் சொல்லுதேன், எழுதிக்கிடுங்க.”

பூவன்விளையில், தண்டவாள வளைவை ஒட்டிய தன் பெட்டிக்கடையில் டீ ஆற்றிக்கொண்டே சொன்னாள் நாகம்மை. எதிர் பெஞ்சில், தண்டவாளத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார், ரயில்வே ஆபீஸ் வேலைக்கு மாறி மூன்று வருடமான குமாரதாஸ்.

நாகர்கோவிலிலிருந்து மேற்கே மணிக்கு ஒரு குட்டி ரயில் விடப்போகிறார்கள். எங்கெங்கே நிறுத்துவது என்று விசாரணை நடக்கிறது. ரயில் என்றதும் வீட்டு வாசலிலேயே ஸ்டேஷன் கேட்கிற ஜனங்கள்தானே நாம்! பூவன்விளைக்கு மட்டும் வேறு ஆளை அனுப்பச் சொல்லி குமாரதாஸ் ஆபீசில் கெஞ்சிப் பார்த்தார், நடக்கவில்லை. ‘நிறுத்தம் தேவையில்லை’ என்று எழுதிவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிடும் எண்ணத்தோடுதான் வந்திருந்தார்.

நாகம்மை சொல்லச் சொல்ல எழுதினார். வடசேரி சந்தைக்குப் போகும் ராஜி. கோட்டாறு துணிக்கடையில் நிற்கும் தாணுலிங்கம். நர்ஸ் ஷைஜா, எப்போதும் நேரம் தப்பி ஓடித்தான் வருவாளாம். கொத்தனார் சுதீஷ். கம்ப்யூட்டர் படிக்கும் ஜினி.

“கையெழுத்து வேணும். அவங்களைக் கூப்பிட முடியுமா?”

“கூப்பிட்டா வரமாட்டாவ சார்.”

அதைச் சொல்லும்போது அவள் அவரைப் பார்க்கவில்லை. அவர் தோளுக்குப் பின்னால், தண்டவாளத்தில் யாரையோ பார்ப்பதுபோல் பார்த்தாள். அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. திரும்பவில்லை.

அந்த நேரம் பார்த்து ஏழரை மணி வண்டி நீளமாக ஹாரன் அடித்தபடி வளைவில் திரும்பியது. பிஸ்கட் பாட்டில்கள் கிடுகிடுத்தன. குமாரதாஸ் கண்களை இறுக மூடிக்கொண்டார். சத்தம் ஓய்ந்து திறந்தபோது, டீ பாதி அவர் வேட்டியில் கொட்டியிருந்தது.

“அஞ்சாறு பேருக்கெல்லாம் ரயில் நிக்காதும்மா,” என்றார் வேட்டியை உதறியபடி. “நூறு பேராவது வேணும்.”

“நூறா?” நாகம்மையின் கை அப்படியே நின்றது. “ஏழு ஆகப்பிடாதுன்னுல்லா நான் கேக்கேன். அந்தப் பக்கம் பஸ் பிடிக்க ஓடி, இந்த வளைவுல அடிபட்டுச் செத்தவிய சார் இவ்வளவு பேரும். இனி மணிக்கொரு வண்டின்னா இன்னும் எத்தனை பேரோ. நின்னு போனா, ஓடவேண்டிய வேலையே இல்லல்லா?”

குமாரதாஸ் ‘தேவையில்லை’ என்பதை அடித்துவிட்டு, ‘கட்டாயம் தேவை’ என்று எழுதினார்.

“ஆறாவது பேரு...” நாகம்மை டீ கிளாஸைக் கீழே வைத்தாள். “எம் மவ...”

அவர் நிமிரவே இல்லை. அவள் சொல்வதற்கு முன்பே அந்தப் பெயரை எழுதி முடித்திருந்தார்: பூங்கனி, வயது பத்தொன்பது.

மூன்று வருடங்களுக்கு முன்பு, எஞ்சின் கண்ணாடி வழியே அவளைக் கடைசியாகப் பார்த்த டிரைவர் அவர்தான்.