செவ்வாய்க்கிழமைத் தாள்

"பன்னண்டு மணி பஸ். மூஞ்சி அலம்பிண்டு ரெடியா இரு. நாலு மணிக்கு மயிலாப்பூர்ல கச்சேரி" என்றார் ஸ்ரீரங்கன்.

ஹம்சாவுக்கு அழுகை வந்துவிட்டது. பத்து வயதில் முதல் முறையாக அத்தையின் கிராமத்துக்கு வந்திருக்கிறாள். காலையிலிருந்து மாட்டு வண்டியில் போயாயிற்று, கொய்யா மரத்தில் ஏறியாயிற்று, கன்றுக்குட்டி துரத்தி வைக்கோல் போரில் விழுந்தும் ஆயிற்று. பாக்கி பம்புசெட் குளியல் ஒன்றுதான். அரையாண்டுப் பரீட்சை முழுக்க அதையேதான் கனவு கண்டாள்.

ஆனால் மோட்டாருக்குக் கரண்ட் வருவதே பன்னிரண்டு மணிக்குத்தான்!

"அடுத்த பஸ்ல போலாமேப்பா?"

"அது மூணேகாலுக்கு. அதான் கடைசி பஸ். நாம போய்ச் சேரறதுக்குள்ள மங்களமே பாடியிருப்பா."

"குழந்தை முகத்தைப் பாருடா. உனக்குக் கச்சேரிதான் பெரிசா?" என்றாள் அத்தை ஜெயலக்ஷ்மி.

தம்பி காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. பெற்ற பெண்ணைவிடப் பாட்டு உசத்தியாகப் போய்விட்டது அந்த மனுஷனுக்கு!

முகம் அலம்பும் சாக்கில் ஹம்சா உள்ளே போனாள். கூடத்துச் சுவரில் தினசரி காலண்டர் தொங்கியது.

அப்பா உலகத்தில் பயப்படுவது ராகு காலம் ஒன்றுக்குத்தான். முடிய இன்னும் ஐந்து நிமிஷம் இருக்கிறதென்று, கல்யாணத்துக்குக் கிளம்பின குடும்பத்தையே பட்டுப்புடவையும் பையுமாக வாசல் கேட்டுக்குள் நிறுத்தி வைத்தவர்.

இன்றைய தாள் உதவவில்லை. மெல்லத் தூக்கி அடுத்த தாளைப் பார்த்தாள். புதன். ராகு காலம் 12 - 1.30.

ஒரே கிழி! செவ்வாய்க்கிழமை கசங்கி ஜன்னலுக்கு வெளியே போய் விழுந்தது.

"அப்பா, ராகு காலம் பாத்தியாப்பா?"

ஸ்ரீரங்கன் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு காலண்டர் எதிரே நின்றார். ஹம்சா ஜன்னலை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"அடடா... பன்னண்டுலேர்ந்து ஒண்ணரை. கிளம்பப்படாதே!" பையைக் கீழே வைத்தார்.

கதவோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த அத்தை, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மோட்டார் ஓட ஆரம்பித்தது. தண்ணீர் முதுகில் விட்ட அறையில் ஹம்சா போட்ட கூச்சலுக்கு, வயலில் இருந்த கொக்கெல்லாம் பறந்தே போய்விட்டன. தொட்டியில் குதித்தாள். மூக்கில் தண்ணீர் ஏறி இருமினாள். மறுபடியும் குதித்தாள். இப்படி ஒரு சந்தோஷம் மயிலாப்பூர் குழாயடியில் கிடைக்குமா?

வரப்பில் குடை பிடித்து உட்கார்ந்திருந்த அப்பா, "போதும் வா" என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

சாப்பிட்டுவிட்டு மூணேகால் பஸ்ஸைப் பிடித்தார்கள். மயிலாப்பூர் வந்து சேர ஏழாகிவிட்டது. வீட்டுக்குள் நுழையாமலே ஹம்சா பக்கத்து வீட்டு லாவண்யாவைக் கூப்பிட்டு, வாசலில் கதை சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

உள்ளே அப்பாவை அம்மா பிடித்துக்கொண்டாள். "கச்சேரிக்குப் போகலையா? ஒரு மாசமா டிக்கெட்டைப் பொத்திப் பொத்தி வெச்சிண்டிருந்தேளே! லேட்டாகும்னு பக்கத்தாத்து போனுக்கு ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

"பன்னண்டு மணிக்கு ராகு காலம் வந்துடுத்து."

"செவ்வாய்க்கிழமை பன்னண்டு மணிக்கா? தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் ஏழு நாளைக்கும் ஒப்பிப்பேள். இன்னிக்கு மூணுலேர்ந்து நாலரைன்னா!"

"தெரியும்."

"அப்போ எத்தனை மணிக்குக் கிளம்பினேள்?"

"மூணேகால் பஸ்."

"ஐயையோ! ராகு காலத்துலயா? நீங்களா?"

வாசலிலிருந்து ஹம்சாவின் சிரிப்பு கேட்டது. "எங்கப்பாவையே ஏமாத்திட்டேண்டி!"

ஸ்ரீரங்கன் அவசரமாக அம்மாவின் வாயைப் பொத்தினார்.

"மெதுவாப் பேசுடி. அவ காதுல விழுந்துடப் போறது."