நாலு டிகிரி

"பழசை எதுக்கும்மா அளக்கணும்? புதுசைக் காட்டுங்க, போதும்."

கோல்ஃப் பையைத் தோளிலிருந்து இறக்காமலே சொன்னார் பைக்காரர். மைதானத்தில் ஜட்ஜுக்குப் பை தூக்கி நடப்பவர். பதினோரு வருஷப் பழக்கம்.

மட்டை அளந்து கொடுக்கும் கடைப்பெண்ணுக்கு இது விநோதமாக இருந்தது. யார் வந்தாலும் முதலில் அவர்களுடைய பழைய மட்டைகளை அளப்பதுதான் அவள் வழக்கம். பழசு தெரிந்தால்தான் புதுசு பொருந்தும். வேண்டாம் என்று தடுத்த ஆளை அவள் இதுவரை பார்த்ததில்லை.

"அளக்கட்டுமே. நீ ஏன் பதறுறே?" என்றார் ஜட்ஜ்.

அவர் ரிட்டயராகி ஆறு வருஷம். குரல் மட்டும் இன்னும் ரிட்டயராகவில்லை. சனிக்கிழமை சீனியர்களுக்கான போட்டி. அதற்குள் தன் வீச்சுக்குத் தோதான இரும்பு மட்டைகள் வேண்டும் என்று வந்திருந்தார்.

"என் வீச்சைப் பத்திக் கவலைப்படாதேம்மா. ஏழாம் நம்பர் மட்டையில எங்க மைதானத்துக் குளத்தை ஒரே அடியில தாண்டுவேன். நூத்திருபத்தஞ்சு கெஜம். என் வயசுல வேற எவன் தாண்டறான், காட்டு பார்க்கலாம்."

அவள் ஏழாம் நம்பரைக் கருவியில் பொருத்தி, அதன் முகம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று அளந்தாள். சந்தேகம் வந்து மறுபடி அளந்தாள். ஆறு, எட்டு, ஒன்பது என்று எல்லாவற்றையும் அளந்தாள். பைக்காரர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், இதையெல்லாம் யாரோ வளைச்சிருக்காங்க. ஏழாம் நம்பர் முப்பத்துநாலு டிகிரி சாய்ஞ்சிருக்கணும். முப்பதுதான் இருக்கு. எல்லா மட்டையிலயும் அதே நாலு டிகிரி குறையுது."

மேற்கொண்டு அவள் வாயெடுப்பதற்குள் அங்கே கோர்ட் கூடிவிட்டது.

"என் மட்டையை வேற யார் தொடறா?" ஜட்ஜ் திரும்பினார். "வருஷா வருஷம் பிடி ரப்பர் மாத்த நீதானே எடுத்துட்டுப் போறே?"

"ஆமாங்கய்யா."

"வளைச்சது நீதானா?"

"நான்தாங்கய்யா."

"எதுக்கு? யார் சொல்லி செஞ்சே? போட்டியில எனக்கு எதிரா ஆடற அந்த டாக்டர் சொன்னாரா? நான் அவர்கிட்ட தோக்கணும்னா?"

பைக்காரர் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பதினோரு வருஷம். வீட்டுச் சாவியைக்கூட உன்கிட்ட நம்பிக் கொடுத்தேன். நாளையிலேர்ந்து நீ வர வேணாம்."

பைக்காரர் தலையை மட்டும் ஆட்டினார். அளந்ததோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம் என்று நினைத்தாள் கடைப்பெண்.

"புது மட்டையை எடும்மா," என்றார் ஜட்ஜ். அதே எடை, அதே நீளம், யாரும் வளைக்காத ஏழாம் நம்பர். அறைக்குள் கட்டியிருந்த வலையைப் பார்த்து முழு பலத்தோடு அடித்தார். பந்து எத்தனை கெஜம் போயிருக்கும் என்று காட்டும் திரையில் எண் வந்தது.

நூற்றுப் பதினாறு.

இன்னொரு அடி. நூற்றுப் பதினாலு. அந்தப் பந்து மைதானத்தில் போயிருந்தால் குளத்துக்குள்தான் விழுந்திருக்கும்.

"உன் மெஷின் சரியில்லை," என்றவர் பழைய மட்டையை வெடுக்கென்று எடுத்து அடித்தார். நூற்று இருபத்தேழு.

கடைப்பெண்ணுக்கு அப்போதுதான் பொறி தட்டியது. சட்டென்று பைக்காரரைப் பார்த்தாள். சொல்லிவிடாதே என்பது போல அவர் லேசாகத் தலையசைத்தார். வேலை போன மனுஷன், கண்ணாலேயே கெஞ்சினார்.

"ஏம்மா, கெட்டுப்போன மட்டையில எப்படி அதிக தூரம் போகுது?"

"அது உங்க கைக்குப் பழகினது சார். அப்புறம்... நான்தான் அவசரப்பட்டு வளைச்சிருக்காங்கன்னு சொல்லிட்டேன். இரும்புதானே, நாளாக ஆக அதுவாவே வளையும்."

"அதுவா வளைஞ்சா எட்டு மட்டையும் பேசி வெச்ச மாதிரி நாலே டிகிரி வளையுமா? முப்பது வருஷம் சாட்சிங்க முகத்தைப் பார்த்தே காலம் தள்ளினவன் நான். உண்மையைச் சொல்லு."

"சாய்வைக் குறைச்சா பந்து தூரமா போகும் சார். நாலு டிகிரி குறைச்சா பத்துப் பன்னெண்டு கெஜம் கூடும்."

ஜட்ஜ் திரையைப் பார்த்தார். பதினாறு, பதினாலு, இருபத்தேழு. மூன்று எண்களும் அங்கேயே நின்றன. மெதுவாகப் போய் நாற்காலியில் உட்கார்ந்து கையுறையைக் கழற்றினார்.

"எப்போலேர்ந்து?" இந்தக் கேள்வி கோர்ட் குரலில் வரவில்லை.

"உங்க தோள் ஆபரேஷனுக்கு அப்புறம்யா," என்றார் பைக்காரர். "முதல் தடவையா பந்து குளத்துல விழுந்துச்சே, அதுக்கப்புறம் மூணு மாசம் நீங்க வீட்டை விட்டே வெளியே வரலை. யார்கிட்டயும் பேசலை, சாப்பாடும் சரியா இல்லை. உங்க வீட்டம்மா அழுதாங்க. அதான் ரப்பர் மாத்தறப்ப, வருஷத்துக்கு ஒரு டிகிரி..."

அவர் முடிக்கவில்லை. பையை நாற்காலி ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டு வாசல் பக்கம் நகர்ந்தார்.

"எங்கே போறே? பையை எடு." ஜட்ஜ் எழுந்தார். புது மட்டையைக் கடைப்பெண்ணிடம் திருப்பிக் கொடுத்தார். பழைய ஏழாம் நம்பரைத் தானே துடைத்துப் பைக்குள் சொருகினார்.

அப்புறம் பைக்காரரின் முகத்தைப் பார்க்காமல், தாழ்ந்த குரலில் கேட்டார்:

"உடையாம இன்னும் எத்தனை வருஷத்துக்கு வளைக்க முடியும்?"