ஃபைலில் நாலு வரி

"யாரு டாக்டர் என் குரலைக் காப்பாத்தின அந்தப் புண்ணியவான்? ஆளைக் காட்டுங்க, கால்ல விழுந்துட்டுப் போறேன்!"

காய்கறிச் சந்தையில் ஏலம் விடுகிறவர் அவர். கழுத்தில் தையல் பிரித்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் அந்தக் குரல் சர்ஜனின் அறையைத் தாண்டி வராந்தா வரைக்கும் போனது.

"மெதுவாப் பேசுங்க, இது ஒண்ணும் சந்தை இல்ல" என்று மனைவி அவர் தொடையில் கிள்ளினாள். கிள்ளினாளே தவிர, அந்தச் சத்தத்தைக் கேட்கக் கேட்க அவளுக்குக் கண் கலங்கியது.

"தைராய்டு கட்டின்னுதான் நாங்க எல்லாருமே நினைச்சோம்," என்றார் சர்ஜன். "ஸ்கேனும் அப்படித்தான் சொல்லுச்சு. ஊசி குத்தி எடுத்த சாம்பிள்லயும் ஒண்ணும் பிடிபடல. ஆபரேஷனுக்குத் தேதியே குறிச்சாச்சு."

"அப்புறம் எப்படித்தான் கண்டுபிடிச்சீங்க?"

"முந்தின நாள் உங்க ஃபைலைப் பிரிச்சேன். எடுத்ததும் ஒரு தாள். நாலே வரி. படிச்சதும் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஆபரேஷனை நிறுத்திட்டு வேற ஸ்கேன் எடுக்கச் சொன்னேன். பார்த்தா, கட்டி தைராய்டுலயே இல்ல, குரலுக்குப் போற நரம்புல இருக்கு! தெரியாம வெட்டியிருந்தா நரம்பும் சேர்ந்து போயிருக்கும். தெரிஞ்சதால நரம்பை விட்டுட்டுக் கட்டியை மட்டும் உரிச்சு எடுத்தோம்."

ஏலக்காரருக்கு வேர்த்துவிட்டது. குரல் போனால் சந்தையில் அவருக்கு என்ன வேலை? மூட்டை தூக்குகிற வயதும் இல்லை.

"அந்த நாலு வரி எழுதின மகராசன் நல்லா இருக்கணும்," என்று மனைவி கையெடுத்துக் கும்பிட்டாள். "எந்த டாக்டருங்க அவரு?"

சர்ஜன் சிரிப்பை அடக்கிக்கொண்டு தாளை நீட்டினார். அவள் வாங்கி உரக்கப் படித்தாள்.

"'ஊசி குத்திய டாக்டரம்மாவுக்குத் தொழில் தெரியவில்லை. குத்தியதும் காது வரைக்கும் கரண்ட் அடித்தது. கட்டியை அழுத்தினாலே இருமல் வருகிறது. அந்த அம்மாவை உடனே வேலையை விட்டுத் தூக்கவும்.' அடக் கடவுளே, இது உங்க கையெழுத்தாச்சே!"

ஏலக்காரர் கூரையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், மனைவியை மட்டும் பார்க்கவில்லை.

"தைராய்டு கட்டியில குத்தினா காது வரைக்கும் இப்படி ஷாக் அடிக்காது, இருமலும் வராது. அது நரம்போட வேலை," என்றார் சர்ஜன். "சரி, புகார்ப் பெட்டியில போட்ட தாள் ஃபைலுக்கு எப்படி வந்துச்சுன்னு கேக்கலையே? விளக்கம் எழுதித் தரச் சொல்லி அதை அந்த டாக்டரம்மாகிட்டதான் அனுப்பினாங்க. 'என்னைப் பத்தி அப்புறம் விசாரிச்சுக்கலாம், கத்தி வைக்கறதுக்கு முன்னாடி இதை சர்ஜன் படிக்கணும்'னு சொல்லி, உங்க ஃபைல்ல முதல் தாளா வெச்சது அவங்கதான்."