பெண்கள் கொட்டடி

“ராத்திரியில விளக்க அணைச்சிருவாங்களா, இல்ல விடிய விடிய எரியுமா?”

கூரை இடிந்துபோன கொட்டடியின் நடுவில் நின்று கேட்ட அந்த அம்மாளைத் தமிழரசி திரும்பிப் பார்த்தாள். போர்ட் பிளேரிலிருந்து படகில் ஆட்களை இந்தத் தீவுக்கு அழைத்து வந்து, வெள்ளைக்காரன் காலத்தில் இங்கே அடைபட்டுக் கிடந்த பெண் கைதிகளின் கதையைச் சொல்வது அவள் தொழில். தூக்குமேடை எங்கே, பேய் நடமாட்டம் உண்டா என்றுதான் வருகிறவர்கள் கேட்பார்கள். விளக்கைப் பற்றி இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. தெரியவில்லை என்று உண்மையைச் சொன்னாள்.

கேட்டவர் பெயர் ஒச்சம்மா. வயது அறுபதுக்கு மேல் இருக்கும். மதுரைப் பக்கத்துப் பேச்சு, நிமிர்ந்த நடை. அவர் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு, வெயில் படாமல் குடை பிடித்தபடி கூடவே வந்தாள் சித்ரா. போர்ட் பிளேரில் டாலிகஞ்சில் தன் வீடு, இந்த அம்மா விருந்தாளியாக வந்திருக்கிறார், நாளைக் கப்பலில் மெயின்லாண்ட் திரும்புகிறார் என்று சித்ராதான் படகில் சொல்லியிருந்தாள்.

மற்றவர்கள் மரவேர் கவ்விய சுவர் முன்னால் படம் எடுக்கப் போய்விட்டார்கள். இவர்கள் இருவரும் நகரவில்லை. கேட்க ஆள் கிடைத்த உற்சாகத்தில், அந்தப் பெண்கள் கப்பலில் வந்து இறங்கியதையும் நூல் நூற்றதையும் தறி நெய்ததையும் தமிழரசி விரிவாகவே சொன்னாள். ஒச்சம்மா குறுக்கே குறுக்கே கேட்டார். கைப்பிள்ளையோடு வந்தவளிடமிருந்து பிள்ளையை எந்த வயதில் பிரித்தார்கள்? புதிதாக வந்தவள் அழுதால், பக்கத்தில் படுத்தவள் தட்டிக்கொடுக்க விட்டார்களா?

“கொஞ்ச நாளைக்குத்தான் சத்தம் போட்டு அழுவாங்க. அப்புறம் சத்தமில்லாம அழப் பழகிரும்” என்றார், சுவரைத் தடவியபடி.

தமிழரசிக்குப் பொறி தட்டியது. “ஆன்ட்டி, நீங்க ஜெயில்ல வேலை பாத்தவங்களா?”

ஒச்சம்மா சிரித்தார். “பாக்காத வேலை இல்லம்மா.”

பெரிய அதிகாரியாக இருந்திருப்பார் போலிருக்கிறது, அதனால்தான் இன்னும் குடை பிடிக்க ஆள் வருகிறது என்று தமிழரசி நினைத்துக்கொண்டாள். கைதிகளுக்காக இப்படி உருகுகிற அதிகாரியை அவள் பார்த்ததில்லை. அதன் பிறகு அவள் குரலிலேயே ஒரு மரியாதை ஏறிக்கொண்டது.

கதை விடுதலைக்கு வந்தது. சில வருஷம் கழித்து, வெளியே குடியிருக்க அனுமதி பெற்ற ஆண் கைதியைக் கட்டிக்கொண்டு குடிசை போடலாம், பயிர் வைக்கலாம் என்று விட்டார்கள். ஊரில் வா என்று கூப்பிட யாருமில்லாதவர்கள் இங்கேயே தங்கிவிட்டார்கள். சாதி வேறு, பாஷை வேறு. எல்லோருக்கும் பொதுவாக இந்தி வந்து சேர்ந்தது.

“இன்னைக்கு டாக்டர், டீச்சர்னு இங்க எத்தனையோ பேர் அவங்க வழியில வந்தவங்கதான் ஆன்ட்டி. உங்க பாட்டி என்ன குத்தம் பண்ணிட்டு வந்தாங்கன்னு இங்க யாரும் கேக்க மாட்டாங்க.”

“கேக்கவே மாட்டாகளா?”

“மாட்டாங்க.”

 விடுதலையாகி வெளியே வந்ததும் அந்தப் பெண்கள் முதலில் என்ன செய்தார்கள் என்று ஒச்சம்மா கேட்டார். அதை எவரும் எழுதி வைக்கவில்லை என்றாள் தமிழரசி.

“கதவ உள்பக்கமா தாப்பா போட்டுப் பாத்திருப்பாக. அவுகளே தொறந்து, மறுபடி போட்டு, மறுபடி தொறந்து.”

 இனி வருகிறவர்களுக்கு இதையும் சேர்த்துச் சொல்லட்டுமா என்று தமிழரசி கேட்டாள். தாராளமாகச் சொல்லு என்றார் ஒச்சம்மா.

படகுத்துறையிலிருந்து படகுக்காரன் கூப்பிட்டான். ஒச்சம்மா சித்ராவின் கையிலிருந்து தன் பையை வாங்கிக்கொண்டார்.

“நாளைக்கு அந்த டிக்கெட்ட வேணாம்னு சொல்லிரு சித்ரா. நான் உன் வீட்டுலயே இருந்துக்கிறேன்.”

சொல்லிவிட்டு வெயிலில் தனியாகவே படிகளில் இறங்கினார். சித்ராவுக்குக் கண் நிறைந்துவிட்டது. 

தமிழரசி அவள் அருகில் போனாள். “உங்க மேடத்து மேல உங்களுக்கு எவ்வளவு பிரியம்! அவங்ககிட்ட ரொம்ப வருஷம் வேலை பாத்தீங்களோ?”

“ஜெயில்ல வார்டரா வேலை பாத்தது நான்தாம்மா. ஆயுள் தண்டனை முடிஞ்சு அவங்க வெளிய வந்த அன்னைக்கு, கூட்டிட்டுப் போக ஒரு சொந்தமும் வரல, அதான் யூனிஃபார்மக் கழட்டிக் குடுத்துட்டு நான் போய் ஜெயில் கேட்டுல நின்னேன்.”